ஆனந்த தேரரும் ஐந்நூறு ஆடைகளும்

(மட்டாஞ்சேரியிலுள்ள உபாசக உபாசிகையர்க்குப் பௌர்ணமி நாளில் கூறிய அறவுரை)



புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளையும் வணங்கிப் பஞ்சசீலமும் ஏற்றுக்கொண்டீர்கள். சீலம் ஏற்ற நாவினால் இனி என்ன பேசப் போகிறோம், சீலம் ஏற்ற கையினால் இனி என்ன செய்யப் போகிறோம் என்று சிந்திப்பதே உபோசத நாளின் பயன். நாவடக்கம் பற்றிப் பல முறை கேட்டிருக்கின்றீர்கள். இன்று கையைப் பற்றிக் கேளுங்கள். நாள்தோறும் நம் கை எடுக்கும் பொருள் எத்தனை, எறியும் பொருள் எத்தனை, எறிந்தது எங்கே போகிறது, அதை யார் சுமக்கின்றார் என்பனவே இன்றைய அறவுரையின் பொருள்.

அரசன் கேட்ட வினா

விநய பிடகத்துச் சுள்ளவக்கத்திலே ஒரு வரலாறு உண்டு. பகவன் பரிநிர்வாணம் எய்தி, இராசகிருகத்தில் முதற் சங்கம் கூடி முடிந்த பின்னர், ஆனந்த தேரர் கோசாம்பி நகருக்குச் சென்றார். அந்நகர்க்கு அரசன் உதயணன். பெருங்கதை வாயிலாகத் தமிழுலகம் நன்கறிந்த அதே உதயணன். அவனுடைய அரண்மனை மகளிர் தேரரிடம் அறங்கேட்டு மகிழ்ந்து, ஐந்நூறு மேலாடைகளைத் தானமாக வழங்கினர். இதனை அறிந்த அரசன் சினங்கொண்டான். துறவி ஒருவர்க்கு ஐந்நூறு ஆடை எதற்கு? இவர் துணிக்கடை வைக்கப் போகிறாரோ? இவ்வையத்தோடு அவன் தேரரிடமே நேரிற் சென்று வினவினான்.

தேரர் சினவாமல் விடை தந்தார். ஆடை நைந்துபோன பிக்குகளுக்கு இவை பங்கிடப்படும் என்றார். அப்படியாயின் அவர்களுடைய பழைய ஆடைகள் என்னாகும் என்று அரசன் கேட்டான். அவை படுக்கையின் மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்புகள்? மெத்தை உறையாகும். பழைய உறைகள்? தரைவிரிப்பாகும். பழைய தரைவிரிப்புகள்? கால் துடைக்கும் துணியாகும். அவை பழையனவானால்? தூசு தட்டும் துணியாகும். அதுவும் நைந்தால்? கிழித்து, களிமண்ணோடு பிசைந்து, தரையில் மெழுகுவோம் என்றார் தேரர்.

அரசன் வியந்தான். சாக்கிய முனிவரின் மக்கள் எதனையும் முறையாகப் பயன்படுத்துகின்றனர், எதனையும் வீணாக்குவதில்லை என்று தெளிந்து, மேலும் ஐந்நூறு ஆடைகளை வழங்கினான்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, தேரர் ஆடையை மறுக்கவில்லை. பொருளை வெறுப்பது பௌத்தம் அன்று. இரண்டாவது, அரசன் ஒவ்வொரு படியிலும் ஒரே வினாவைத்தான் கேட்டான்: பழையது என்னாகும்? அந்த வினாவுக்கு ஏழாம் படிவரை தேரரிடம் விடை இருந்தது. நம்மிடம் எத்தனை படிக்கு விடை இருக்கிறது? கடையிலிருந்து ஒரு பை வாங்கி வருகிறோம். அது என்னாகும் என்று யாரேனும் கேட்டால், குப்பைக்குப் போகும் என்போம். குப்பை எங்கே போகும் என்று கேட்டால், நம் விடை அத்துடன் நின்றுவிடுகிறது.

காயசண்டிகையின் பசி

தமிழ்ப் பௌத்தர்க்குத் தாய்நூலாக விளங்கும் மணிமேகலையில் காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் கதை வருகிறது. கணவனோடு பொதியில் மலைக்கு வந்தவள் அவள். அங்கே விருச்சிகன் என்னும் முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்பவர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் பெரிய நாவற்கனி ஒன்றைத் தேக்கிலையில் வைத்துவிட்டு அவர் நீராடச் சென்றிருந்தார். காயசண்டிகை செருக்கோடு நடந்து அக்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள். அதன் விளைவு யானைத்தீ என்னும் பெரும்பசி. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. பன்னிரண்டு ஆண்டுகள் அவள் அதனோடு அலைந்தாள். பின்னர், கற்புடைய ஆதிரை முதற்பிச்சை இட்ட அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அளித்த ஒரு பிடி உணவால் அப்பசி தீர்ந்தது.

இக்கதையைச் சாபத்தின் கதையாக மட்டும் படிப்பவர் உட்பொருளை இழப்பர். பொருளின் அருமை அறியாது மிதித்தவள் எவளோ, அவளுக்கே பின்பு எதனாலும் நிறைவு வரவில்லை. வீணாக்கும் மனமும் நிறைவடையாத மனமும் ஒன்றே என்று சாத்தனார் காட்டுகிறார். எறிந்து பழகிய கை மேலும் வாங்கத் தவிக்கிறது. வாங்கிப் பழகிய கை மேலும் எறிகிறது. இந்த யானைத்தீயைத்தான் பகவன் தண்ணா, அதாவது வேட்கை, என்று சுட்டினார். அதனைத் தணித்தது ஒரு பிடி உணவு என்பதையும் மறவாதீர்கள். அளவோடு கொடுக்கப்பட்டது, அன்போடு கொடுக்கப்பட்டது, அதுவே போதுமாயிற்று.

பிரமபுரத்துப் புகை

எறிந்தது எங்கே போகிறது என்ற வினாவுக்குக் கொச்சி நகரம் 2023-ஆம் ஆண்டு விடை பெற்றது. அவ்வாண்டு மார்ச்சு 2-ஆம் நாள், நகரத்துக் குப்பையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட பிரமபுரத்துக் குப்பைமேட்டில் தீ பற்றியது. மேலே நீர் ஊற்ற ஊற்ற உள்ளே கனன்றது. 13-ஆம் நாள்தான் முற்றிலும் அணைந்தது. அதுவரை நச்சுப்புகை நகரத்தின்மீது கவிந்திருந்தது. குழந்தைகளும் முதியோரும் மூச்சுத் திணறினர். பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அம்மாதத்திலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அத்தீ ஏன் அணையவில்லை? சோறும் காய்கறித் தோலும் மீன் கழிவும் பிளாஸ்டிக் பைகளோடு கலந்து கட்டப்பட்டு, மலைபோற் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அது எரியும் தன்மையுடையது. பிளாஸ்டிக்கோ எரிபொருளைப் போன்றது. எரியும்போது டயாக்சின் முதலிய நஞ்சுகளை வெளியிடவும் வல்லது. இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால் ஒன்று எருவாகியிருக்கும், மற்றொன்று மறுபடியும் பயன்பட்டிருக்கும். கலந்ததனால் இரண்டும் நஞ்சாயின. கலந்த கை எது? மாநகராட்சியின் பிழை மாநகராட்சியைச் சாரும். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் முதற் கலப்பு நம் அடுக்களையில், ஒரே வாளியில் நிகழ்ந்தது அன்றோ?

இதற்கு முன்பே பெரியாறு ஒரு பாடம் கற்பித்திருந்தது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளம் வடிந்தபோது, மலையாற்றூர் கோடநாடு பாலத்தின்மேல் பிளாஸ்டிக் குப்பை பரந்து கிடந்தது. மனிதர் ஆற்றுக்குக் கொடுத்ததை ஆறு மனிதர்க்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்றது. வினையும் விளைவும் பற்றி நாம் படிக்கும் நூல்களுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா?

அசோக மன்னரின் ஐந்தாம் தூண் சாசனத்தை ஈண்டு நினைவு கூர்க. உயிரினங்கள் வாழும் உமியைக் கொளுத்தலாகாது, காரணமின்றிக் காடுகளை எரிக்கலாகாது என்று அவர் ஆணையிட்டார். உமிக்குள் இருக்கும் சிற்றுயிர்க்காக இரண்டாயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் தீயைத் தடுத்தார். அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவம் அளித்தல், மூலிகை நடுதல், கிணறு தோண்டுதல் ஆகிய அறங்களைச் சொல்லுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் ஆகியோரோடு கேரளபுத்திரரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்தக் கேரள மண்ணில்தான் நாம் அமர்ந்திருக்கிறோம். தம்மம் இம்மண்ணுக்குப் புதியதன்று.

நமக்கா கந்தை?

இவ்விடத்தில் உங்களுட் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். எழவேண்டிய கேள்வியே அது. "பிறர் உடுத்துக் கழித்த கந்தையை உடுத்தி, பிறர் உண்டு மிஞ்சிய சோற்றை உண்டு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர் நம் முன்னோர். அந்த இழிவை உதறவே பௌத்தம் தழுவினோம். இப்பொழுதுதான் புதுத்துணி உடுத்துகிறோம். இப்பொழுது வந்து, பழையதைத் தைத்து உடுத்து, குறைத்து வாங்கு என்றால், அது எங்களுக்குச் சொல்லத்தக்க அறமா?"

இக்கேள்வியை அவமதிப்பவன் பௌத்தனல்லன். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், இறந்த விலங்கின் இறைச்சியையும் பிறர் எறியும் எச்சத்தையும் விட்டொழிக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கேயே கூடிய பெண்களிடம், சாதித் தாழ்வைக் காட்டும் உடைமுறையைக் கைவிட்டுத் தூய்மையாக உடுக்குமாறு கூறினார். அவருடைய சொல்லுக்கு மாறாக இங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. வறுமையைப் பகவன் புகழ்ந்ததும் இல்லை. இல்லறத்தானுக்கு வறுமை துன்பமே என்று அங்குத்தர நிகாயத்தில் வெளிப்படையாகவே கூறினார்.

பின்னை வேறுபாடு யாது? பிறர் விதித்த கந்தை இழிவு. தானே அறிந்து வகுத்த அளவு மேன்மை. முன்னது அடிமையின் அடையாளம். பின்னது அறிஞனின் அடையாளம். இதற்குச் சங்கத்திலேயே சான்று உண்டு. தொடக்க காலத்துப் பிக்குகள் குப்பையிற் கிடந்த துணியைத் தைத்தே உடுத்தனர். சீவகன் என்னும் மருத்துவன் பகவனை வேண்டி, இல்லறத்தார் அளிக்கும் புத்தாடையையும் பிக்குகள் ஏற்க இசைவு பெற்றான். அப்பொழுது பகவன், விரும்புவோர் இதனை உடுக்கலாம், விரும்புவோர் அதனை உடுக்கலாம், எதுவாயினும் நிறைவோடு உடுத்தலே சிறப்பு என்றருளினார். விதி இல்லை, விருப்பம் உண்டு. விருப்பத்தின் உள்ளே நிறைவு உண்டு. அதனால், நல்ல ஆடை உடுங்கள், தூய்மையாக உடுங்கள், தலை நிமிர்ந்து உடுங்கள். நீங்கள் வாங்கிய ஆடையின் ஏழு படிகளும் உங்கள் அறிவின் ஆட்சியில் இருக்கட்டும்.

கோலிய நாட்டுத் தீகசாணு என்பவன் இல்லறத்தார்க்குரிய அறத்தைக் கேட்டபோது, பகவன் சமசீவிதம், அதாவது வரவுக்கு ஒத்த சமமான வாழ்வு, என்னும் ஒழுக்கத்தைக் கூறினார். வரவு சிறிதாயிருக்கப் பெரிதாகச் செலவிடுபவனை அத்திப்பழம் தின்பவனோடு ஒப்பிட்டார். அவன் மரத்தை உலுக்குவான், பழம் நிறைய உதிரும், சிலவற்றைத் தின்பான், மிகுந்தவற்றைக் கிடந்தபடியே விட்டுப் போவான் என்று உரையாசிரியர் விளக்குவர். வரவு பெரிதாயிருந்தும் பட்டினி கிடப்பவனையும் பகவன் ஏற்கவில்லை. இரு முனைகளும் தவறு. நடுவழியே நம் வழி.

நான்கு பொருளும் நாள் ஒழுக்கமும்

உணவு, உடை, உறைவிடம், மருந்து என்னும் நான்கினையும் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், இஃது எதற்காக என்று சிந்திப்பது பிக்குகளின் நாள் ஒழுக்கம். அதனை இல்லறத்தார்க்கு ஏற்ற வகையிற் கூறுவோம்.

உணவு. அடுப்பேற்றுமுன் வீட்டில் எத்தனை பேர் உண்பர் என்று எண்ணி அரிசியை அளந்து போடுங்கள். எஞ்சிய சோற்றை நீரூற்றிப் பழையதாக்கி உண்பது நம் தமிழ் வழக்கம். அதில் நாணத்தக்கது ஏதுமில்லை. இந்நாட்டு மட்டை அரிசி வேக நெடுநேரம் ஆகும். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து என்னும் அறிவியல் இயக்கம் சூடாறாப்பெட்டி என்ற எளிய கருவியைப் பரப்பியுள்ளது. சிறிது நேரம் கொதித்த சோற்றுப் பானையை மூடி, வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் வைத்துவிட்டால், அடுப்பில்லாமலே தன் சூட்டில் வெந்துவிடும். எரிவாயு மிஞ்சும், அடுக்களையில் நிற்கும் தாயின் நேரமும் மிஞ்சும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் மல்லியும் சாக்கு மூட்டைகளில்தான் வந்திறங்குகின்றன. நாமும் துணிப்பையும் மீனுக்கு ஒரு மூடிப் பாத்திரமும் கொண்டுபோனால், ஒரு நாளைக்கு மூன்று நான்கு பிளாஸ்டிக் பைகளாவது வீட்டுக்கு வாரா. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைக் கேரள அரசு 2020 சனவரி 1 முதலும், அத்தகையவற்றுட் பலவற்றை இந்திய அரசு 2022 சூலை 1 முதலும் தடைசெய்துள்ளன. சட்டத்துக்கு அஞ்சி விடுவதைக் காட்டிலும் சீலத்தால் விடுவது நிலைத்து நிற்கும்.

அடுக்களைக் கழிவைத் தனி வாளியில் இடுங்கள். துளையிட்ட மண்தொட்டியோ மூடியுள்ள வாளியோ போதும். கழிவு ஒரு படலம், தேங்காய் நார்த்தூள் ஒரு படலம் என மாற்றி மாற்றி இட்டு, ஈரம் மிகாமற் காத்தால், நாற்றமின்றி இரண்டு மாத அளவில் எருவாகும். மட்டாஞ்சேரிச் சந்துகளில் முற்றம் இல்லாத வீடுகளே மிகுதி என்பதை அறிவோம். நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு தொட்டி வைப்பது அரிதன்று. அதுவும் சங்க வாழ்வே.

உடை. அங்குத்தர நிகாயத்தில், செல்வம் பெற்ற குடும்பங்கள் நிலைக்காமற் போவதற்கு நான்கு காரணங்களைப் பகவன் கூறுகிறார். அவற்றுள் இரண்டாவது, பழுதானதைச் செப்பனிடாமை. பொத்தான் அறுந்த சட்டை, கைப்பிடி கழன்ற குடை, தையல் விட்ட செருப்பு ஆகியவற்றைச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் குடும்பம் செல்வத்தையும் காக்கிறது, செப்பனிடும் தொழிலாளியையும் வாழ்விக்கிறது.

நம் மக்களின் கைத்திறனுக்குச் சான்று நம் கண்முன்னே உண்டு. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்தில், 1976-ஆம் ஆண்டு கட்டப்பட்ட சலவைக்கூடத்தில் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் உழைக்கின்றனர். டச்சுக்காரர் ஆட்சியின்போது போர்வீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் அவர்கள். கல்லில் துவைத்து, அரிசிக் கஞ்சி இட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகி, கவ்வி ஒன்றும் இல்லாமல் வெயிலிலே உலர்த்துகின்றனர். எந்திரமும் இரசாயனமும் செய்வதைக் கதிரவனும் கஞ்சியும் செய்கின்றன. இதனைப் போற்றும்போதே ஒன்று சொல்ல வேண்டும். பிறப்பினாலே ஒரு குடியின்மேல் சுமத்தப்பட்ட தொழில் அது. அத்திறமையை நாம் கற்க வேண்டும்; அச்சுமத்தலை ஒழிக்க வேண்டும். வீட்டு ஆடையை வெயிலில் உலர்த்தும் வேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

உறைவிடம். பசும்புல்லின்மீதும் நீரின்மீதும் எச்சில் உமிழலாகாது, கழிவு இடலாகாது என்பது நோயற்ற பிக்குகளுக்குரிய சேகிய விதிகளில் இடம்பெறுவது. கல்வத்திக் கால்வாயின் கரையில் நின்று இவ்விதியை நினைத்துப் பாருங்கள். நம் கால்வாய்கள் அனைத்தும் சென்று சேர்வது காயலில். வேம்பநாட்டுக் காயல் 2002-ஆம் ஆண்டு முதல் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அக்காயலின் மீனை உண்கிறோம். அக்காயலுக்கே குப்பையை ஊட்டுகிறோம். இது தகுமா? மேலும், நாற்புறமும் நீர் சூழ்ந்த மேற்குக் கொச்சியில் குடிநீர் அரிது. 2023 பிப்ரவரியில் பாழூர் நீரேற்று நிலையத்தின் எந்திரங்கள் பழுதுற்றபோது குடத்தோடு வரிசையில் நின்றோம். குழாயை இறுக மூடுவது, ஒழுகும் குழாயை அன்றே சரிசெய்வது, அரிசி கழுவிய நீரைச் செடிக்கு விடுவது, ஆளில்லாத அறையில் விளக்கையும் விசிறியையும் நிறுத்துவது ஆகிய இவை சிறு ஒழுக்கங்கள். ஆனால் குடம் ஏந்தி நின்றவர்க்கு இவை சிறியன அல்ல என்பது தெரியும்.

மருந்து. மருத்துவர் சொல்லாமல் கிருமிக்கொல்லி மருந்தை வாங்கி உண்ணாதீர்கள்; அவர் சொன்ன முறையில் தவறாமல் உண்ணுங்கள். முறைகெட்டு உண்பதனால் மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகி, நாளை நம் குழந்தைக்கே அம்மருந்து பயன்படாமற் போகும். காலம் கடந்த மாத்திரைகளைக் கால்வாயிலோ கழிநீர்ப் போக்கிலோ போடலாகாது. மற்றக் குப்பையோடு கலத்தலும் ஆகாது. பழைய மருந்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அருகில் இருந்தால் அங்கே ஒப்படையுங்கள். பிணியாளரைப் பேணுவது என்னைப் பேணுவதாகும் என்னும் கருத்தினை அருளிய பகவனின் மக்களுக்கு, நீரையும் மண்ணையும் நோயுறச் செய்யாமையும் கடமையே.

யார் தலையில் இறக்குகிறோம்?

இதுவரை கூறியவற்றைச் சிக்கனம் என்று மட்டும் கருதினால் பாதியையே அறிந்தவர் ஆவீர். மற்றப் பாதியைக் கேளுங்கள்.

2024-ஆம் ஆண்டு சூலை 13-ஆம் நாள், திருவனந்தபுரம் புகைவண்டி நிலையத்துக்கு அடியிற் செல்லும் ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாயில், குப்பையை அகற்ற ஒரு கூலித் தொழிலாளி இறங்கினார். மழைநீர் பெருகியது. குப்பை நிறைந்த அந்த இருண்ட நீர்வழியில் அவர் அடித்துச் செல்லப்பட்டார். முக்குளிப்போர் மலைபோல் அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக்கினூடே தேடினர். மூன்றாம் நாள் அவருடைய உடல்தான் கிடைத்தது.

அக்கால்வாயில் பை எறிந்தவர் எவரும் அவரைக் கொல்ல எண்ணியவர் அல்லர். சேதனையே, அதாவது எண்ணமே, கம்மம் என்பது பகவனின் வாக்கு. ஆதலின் எறிந்தவரெல்லாம் கொலை செய்தார் என்று சொல்வது தம்மத்துக்குப் பொருந்தாது. ஆனால் அறியாதபோது செய்வது வேறு. அறிந்தபின் செய்வது வேறு. எறிந்த பை கால்வாயை அடைக்கும், அடைத்த கால்வாயில் ஒரு மனிதன் இறங்க வேண்டும், அம்மனிதன் பெரும்பாலும் ஏழை, பெரும்பாலும் நம் இனத்தான் என்று அறிந்த பின்னும் எறியும் கையைக் குற்றமற்ற கை என்று எவ்வாறு சொல்வோம்? பமாதம், அதாவது விழிப்பின்மை, இறப்பின் வழி என்று பகவன் எச்சரித்தார். எறிபவனின் விழிப்பின்மைக்கு இறப்பது வேறொருவனாயின் அதன் கொடுமை இருமடங்கு.

இங்கேதான் நாம் பௌத்தம் தழுவியதன் பொருள் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அகற்றும் கொடுமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. சட்டத்துக்கு நெடுங்காலம் முன்னே ததாகதர் வழி காட்டினார். இராசகிருகத்துத் தெருவில் வாடிய மலர்களை வாரித் துப்புரவு செய்த சுனீதன், பகவனும் சங்கமும் வருவது கண்டு ஒதுங்கி நின்றான். பகவன் அவனை அழைத்துச் சங்கத்திற் சேர்த்தருளினார். குப்பை சுமந்தவர் தேரர் ஆனார். அவருடைய பாடல் தேரகாதையில் இன்றும் உளது. குப்பை சுமப்பது ஒரு குலத்தின் கடமை என்னும் பொய்யை அன்றே பகவன் உடைத்தார். அப்பொய்யை நாம் நாவினால் மறுத்துவிட்டு, கலந்து கட்டிய குப்பை மூட்டையை வாசலில் வைத்தால், கையினால் அதனை ஒப்புக்கொண்டவர் ஆவோம். என் அழுக்கைப் பிரிப்பதற்கு வேறு ஒரு சாதி பிறந்திருக்கிறது என்பதே அம்மூட்டையின் பொருள்.

இன்று நம் வாசலுக்கு வந்து பிளாஸ்டிக்கு முதலியவற்றைத் தொகுக்கும் ஹரித கர்ம சேனையின் மகளிரை நினையுங்கள். அவர்களிடம் கொடுக்கும் பாற்பையைக் கழுவி உலர்த்திக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தையின் அணையாடையையும் மாதவிலக்குத் துணியையும் பிறவற்றோடு கலக்காதீர்கள். உரிய கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அம்மா என்றோ அக்கா என்றோ அழைத்து, குடிக்க நீர் கொடுங்கள். இது தானமா, சீலமா, பாவனையா என்று கேட்டால், மூன்றும் ஒருங்கே அமைந்த செயல் என்பேன்.

வீட்டுக் கடனும் நாட்டுக் கடனும்

ஒரு வீடு துணிப்பை எடுத்தால் உலகம் திருந்திவிடுமா என்று சிலர் நகைப்பர். ஒரு வீட்டால் ஆகாது என்பது மெய். நெகிழிப் பையை ஆக்கும் ஆலையும், பிரித்துத் தந்த குப்பையை மீண்டும் ஒன்றாய்க் கலந்து ஏற்றும் வண்டியும், பராமரிக்கப்படாத கால்வாயும் நம் அடுக்களைக்குள் அடங்கா. ஆட்சியாளர்க்குரிய கடமையைப் பகவன் கூடதந்த சுத்தத்தில் வகுத்துள்ளார்: உழவனுக்கு விதை, வணிகனுக்கு முதல், ஊழியனுக்கு ஊதியம். ஆகவே தெருவுக்கு உரிய வசதி வேண்டுமென்று ஒன்றுகூடி மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதுவதும், துப்புரவுத் தொழிலாளர்க்குக் கையுறையும் காலணியும் நிறைந்த ஊதியமும் கேட்பதும் நம் கடமை. ஆனால் தன் வாளியைப் பிரிக்காதவன் எழுதும் விண்ணப்பத்துக்கு வலு இல்லை. வீட்டு ஒழுக்கம் நாட்டுக் கடமைக்கு மாற்று அன்று, அதற்கு அடித்தளம்.

சிறியது வெல்லும் என்பதற்கு நம் வரலாறே சான்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சூன் மாதம் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலை ஒரு பைசா, பக்கம் நான்கு. மறு ஆண்டில் 'தமிழன்' என்னும் பெயரோடு தொடர்ந்த அவ்விதழைப் பண்டிதர் 1914-இல் மறையும்வரை வாரந்தோறும் நடத்தினார். ஒரு பைசா இதழ் சென்னையிலிருந்து கோலார் தங்கவயல் வரை தமிழ்ப் பௌத்தரை எழுப்பியது. இடைவிடாமையே அதன் வலிமை. சிறு ஒழுக்கத்தின் வலிமையும் அஃதே.

கொள்ளத்தக்க உறுதி

ஆகவே, உபாசகர்களே, உபாசிகைகளே! கூறிய அனைத்தையும் நாளையே தொடங்க வேண்டா. தொடங்கி நான்கு நாளில் விடுவதைவிட, ஒன்றை எடுத்து ஒரு திங்கள் காப்பது நன்று. இப்பௌர்ணமியில் வாளியைப் பிரியுங்கள். அடுத்த பௌர்ணமியில் துணிப்பையைப் பழக்கமாக்குங்கள். அதன்பின் செப்பனிடுதல், அதன்பின் நீர். ஒவ்வொரு உபோசத நாளிலும் குடும்பத்தினர் ஒன்றாய் அமர்ந்து, சென்ற திங்களில் எது கைகூடியது, எது தவறியது என்று சினமின்றிப் பேசிக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஏவாதீர்கள், அவர்கள் காணும்படி செய்யுங்கள்.

ஒரு பொருளைக் கையில் எடுக்கும்பொழுது, இது பழையதானால் என்னாகும் என்று உதயணன் கேட்ட வினாவை உங்களுக்குள் கேளுங்கள். ஆனந்த தேரர்போல் ஏழு படிக்கும் விடை கூற இயலாது போயினும், இரண்டு படிக்கு விடை கூறும் குடும்பம் இன்று ஒரு படிக்கும் விடையில்லாத உலகத்துக்கு வழிகாட்டியாகும்.

நாம் உண்ணும் உணவு பிறர்க்குப் பசியாகாதிருக்கட்டும். நாம் உடுக்கும் ஆடை பிறர்க்குச் சுமையாகாதிருக்கட்டும். நாம் எறிவது எவர் உயிரையும் வாங்காதிருக்கட்டும். இவ்வறவுரையைக் கேட்டதனால் உண்டாகும் புண்ணியம், கால்வாய்களிலும் குப்பைமேடுகளிலும் உழைத்து மாண்ட பெயரறியாச் சகோதரர் அனைவர்க்கும் சேர்வதாகுக. மும்மணிகளின் காப்பு உங்கள் இல்லங்களில் நிலைபெறுவதாகுக.

சாது! சாது! சாது!